பின்வாசலுக்கு ஏற்ற வண்டி

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தது நான்தான். என் வீட்டுக்காரர் இதை நாலு பேர் நடுவில் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தனியாக இருக்கும்போது ஒப்புக்கொள்வார். எனக்கு அது போதும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் போதவில்லை, அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் தேவகோட்டையில் பிறந்து வளர்ந்து, அங்கேயே ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். எங்கள் செட்டியார் வீடுகளில் அந்தக் காலத்தில் பெண்பிள்ளை வேலைக்குப் போகிறாள் என்றால் ஊர் முழுக்க அதற்கு ஒரு காரணம் கற்பிக்கும். அப்பனுக்கு வியாபாரம் நொடித்துவிட்டது என்பார்கள், அல்லது பெண்ணுக்கு வாய் நீளம் என்பார்கள். என் அப்பச்சிக்கு வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. இரண்டாவது காரணத்தை நான் மறுக்கவில்லை. கண்டனூரிலிருந்து பெண் பார்க்க வந்தபோது, காபித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே, "கல்யாணத்துக்கு அப்பறமும் நான் வேலைக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அவரைப் பெற்ற ஆத்தா ஆட்டவில்லை.

ஆட்டாததற்கான காரணத்தை மாமியார் கல்யாணம் முடிந்து, விருந்தெல்லாம் அடங்கிய பிறகு சொன்னார். நான் பள்ளிக்குக் கிளம்பப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"போ. வேண்டாங்கல. ஆனா வெளக்கு வைக்கிற நேரத்துல எம் மருமக வீட்டுல இருக்கணும். மருமக வந்தபொறகு மாமியா வெளக்கு வச்சான்னு இந்த வீட்டுல பேச்சே கெடையாது. என்னைக்கு நான் தீக்குச்சியைக் கிழிக்கிற மாதிரி ஆகுதோ, அன்னைக்கோட வேலையை விட்டுறணும். சம்மதமா?"

"சம்மதம், அயித்தை" என்றேன். கணக்கு டீச்சர் என்கிற திமிர்தான். நேரம்தானே, கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவர் ஏன் அப்படிப் பிடிவாதமாக இருந்தார் என்பது அந்த வீட்டில் கொஞ்ச நாள் இருந்தால் புரியும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடியும். வெளியூர்க்காரர்கள் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பெரிய வீடுதான், ஆனால் எங்களுடையது இல்லை. பங்காளிகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அது பெரிது. எங்கள் பங்குக்கு வந்தது இரண்டாங்கட்டில் இரண்டு அறைகள், பின்னால் கிணற்றடி, அந்தக் கிணற்றடிக்குப் பின்தெருவிலிருந்து வர ஒரு சின்ன வாசல், அவ்வளவுதான். பாதிப் பங்காளிகள் பட்டணத்தில் இருந்தார்கள். அவர்கள் அறைகள் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும்தான் திறக்கும். என் மாமனாரே ஆந்திராப் பக்கம் வியாபாரத்தில் இருந்தவர், வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். மீதி அங்கே இருந்தவர்கள் ஆச்சிமார். சாயங்காலம் ஆனால் முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். யார் பங்கில் யார் விளக்கேற்றுகிறார்கள் என்று ஒரு கண் வைத்திருப்பார்கள். ஒருத்தி வீட்டில் மாமியார் விளக்கேற்றினால், மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்பதுதான் அர்த்தம். என் மாமியார் அந்த ஆச்சிமார் நடுவில் நிமிர்ந்து வாழ்ந்தவர். குனிய அவருக்குத் தெரியாது.

நான் போட்ட கணக்கை பஸ் கெடுத்தது. தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு வர பஸ் உண்டு. காரைக்குடியிலிருந்து கண்டனூர் போகும் டவுன் பஸ்தான் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. நான் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருப்பேன். சூரியன் என்னைவிட வேகமாக வீடு போய்க்கொண்டிருக்கும். கண்டனூரில் இறங்கி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். மாமியார் விளக்குப் பக்கத்தில் கையில் தீப்பெட்டியோடு நிற்பார். என்னைக் கண்டதும் ஒரு வார்த்தை பேசாமல் அதை நீட்டுவார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இப்படியே போனால் ஒருநாள் அந்தத் தீக்குச்சியை அவரே கிழித்துவிடுவார், நான் பள்ளிக்கு முழுக்குப் போட வேண்டியதுதான் என்று தெரிந்துபோயிற்று. எனக்கு அந்த வேலை உயிர். சம்பளத்துக்காகச் சொல்லவில்லை. பதின்மூன்று வயசுப் பெண் ஒருத்தி, வராது வராது என்று அழுதுகொண்டிருந்த ஒரு கணக்கைத் திடீரென்று பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பாள் பாருங்கள், அந்த முகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதை விட்டுவிட்டு முற்றத்தில் ஆச்சிமாரோடு உட்கார என்னால் முடியாது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, "நாம ஒரு வண்டி வாங்கணும்" என்றேன்.

என் வீட்டுக்காரருக்குக் காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அங்கிருந்து கிளம்பிவிடுவார். என் தேவகோட்டை பஸ் வந்து சேர்வதும் கிட்டத்தட்ட அப்போதுதான். பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் கண்டனூர் வந்துவிட்டால் விளக்குக்கு முந்திவிடலாம். காலையிலும் அவரே கொண்டுவந்து விட்டால் எனக்கு முதல் பீரியட் தப்பாது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எந்த வண்டி என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் ஊரே எங்கள் வீட்டில் கூடியது.

முதலில் வந்தவர் தேவகோட்டையிலிருந்து என் அண்ணன். அவரிடம் முந்நூற்றைம்பது சிசி பெரிய வண்டி ஒன்று இருந்தது. அதில் அவர் தெருவுக்குள் நுழைந்தால் அரிசி மில் ஓடுகிற மாதிரி இருக்கும். "வண்டின்னா அது வண்டி. மத்ததெல்லாம் வெளையாட்டுச் சாமான்" என்றார். அடுத்து முகப்புப் பங்குக்காரர் ஒரு பெரியவர், தூரத்து மாமா முறை. அவர் ஸ்கூட்டர் கட்சி. "பொம்பளைப் பிள்ளை சேலை கட்டி ஒக்காரணும்ல. ஸ்கூட்டர்தான் லட்சணம். காலை வைக்க எடமிருக்கு, சாமான் வைக்க எடமிருக்கு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஸ்கூட்டருக்குப் பேர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. வண்டி வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும். அதோடு, பின்தெருவிலிருந்து ரோடு ஏறுகிறவரை எங்கள் பக்கம் செம்மண் புழுதி. கோடையில் கணுக்கால் புதையும். அதில் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் வழுக்கி, டாக்டர் ஒருவர் வேட்டியோடு விழுந்ததை ஊரே பார்த்திருந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்றார். அவருடைய சுபாவம் அது. ஆனால் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நாட்களில் காரைக்குடியில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். இருநூறு சிசிதான் இருக்கும். சிவப்பு டேங்க், ஒடுக்கமான உடம்பு, குட்டையாக நேராக இருந்த ஹேண்டில் பார். ஸ்போர்ட்ஸ் மாடல் என்று சொல்வார்கள். டீக்கடை வாசலில் அது நின்றால் என் வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்த பேச்சை விட்டுவிடுவார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்கு என்னைத் தேடி வந்தவர் என்னைத் தாண்டிப் போய் அந்த வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கட்டின பெண்டாட்டி நிற்கிறேன், கண்ணில் படவில்லை.

"அது புடிச்சிருக்கா?" என்று பின்னால் போய் நின்று கேட்டேன்.

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "சேச்சே. இது காலேஜுப் பயலுக ஓட்டுறது. குடும்பத்துக்கு ஆகுமா?" என்றார். ஆனால் கை டேங்கை விட்டு வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அவருக்காக விட்டுக்கொடுத்து அதை வாங்கினேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வேண்டியது நேரம். எந்த வண்டி அதைக் கொடுக்குமோ அதுதான் என் வண்டி. அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். அத்தனை ஆண்பிள்ளைகள் பேசினார்களே, ஒருத்தர்கூட அதைக் கேட்கவில்லை. வண்டி இரவில் எங்கே நிற்கும்?

முன்வாசலில் ஏறு ஏறென்று ஏற வேண்டிய கல்படிகள். பலகை சாய்த்து ஏற்றலாமா என்று கேட்டபோது முகப்புப் பங்குக்கார மாமாவே, "பொது எடத்துல ஒருத்தர் பலகை போட்டா நாளைக்கு அது உரிமையாயிரும்" என்று தலையை ஆட்டிவிட்டார். ஸ்கூட்டர் லட்சணம் என்று சொன்ன அதே வாய். பின்தெருவில் மாட்டு வண்டி போகிற பெரிய வாசல் ஒன்று உண்டு. அது இன்னொரு பங்காளியின் பங்கு, சாவி பட்டணத்தில். தெருவில் நிறுத்தினால் ஆடு ஏறும், பிள்ளைகள் மணியடிப்பதாக நினைத்து ஹாரனை அமுக்கும். ஆக, எங்களுக்கென்று இருந்தது அந்தக் கிணற்றடி வாசல் ஒன்றுதான். அத்தனை பெரிய வீட்டில் பிறந்தவர்களுக்கு, ஒரு மோட்டார் சைக்கிள் நுழையாத கதவும் நம் வீட்டில் உண்டு என்று தோன்றவே தோன்றாது. நான் பள்ளியிலிருந்து கரும்பலகையில் கோடு போடும் மரஸ்கேலைக் கொண்டுவந்து நிலையை அளந்தேன். இரண்டரை அடி. ஒரு படி இறக்கம்.

அண்ணனுடைய வண்டியை அந்த வாசலில் வைத்துப் பார்த்தோம். ஹேண்டில் பார் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு நின்றது. திருப்பி, சாய்த்து, மறுபடி திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்க, என் வீட்டுக்காரர் பின்னால் தள்ள, நிலையில் இருந்த சுண்ணாம்பு உதிர்ந்ததுதான் மிச்சம். மாமியார் கிணற்றடியில் நின்று, "கதவைப் பேக்காம போகமாட்டீகளோ?" என்று கேட்டார். அண்ணன் அதன்பிறகு வண்டி பற்றி எங்கள் வீட்டில் பேசவில்லை.

மதுரையில் கடைக்குப் போனோம். ஸ்கேலை நான் கையோடு கொண்டுபோனேன். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். கடையில் வரிசையாக நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக ஹேண்டில் பாருக்கு ஹேண்டில் பார் அளந்தேன். இரட்டைச் சைலன்சர் வைத்த இருநூற்றைம்பது சிசி வண்டி பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் கொம்பு விரித்துக்கொண்டு நின்றது. கடைக்காரர் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாரும் என்ன வேகம் போகும்னு கேப்பாங்க, எத்தனை மைல் குடுக்கும்னு கேப்பாங்க. நீங்க அகலத்தை அளக்குறீங்களே?"

"எங்க வீட்டுக் கதவு அகலத்தைத்தான் கேக்குது" என்றேன்.

சிவப்பு டேங்க் வண்டி கடைசியில் நின்றது. அதன் ஹேண்டில் பார் இரண்டேகால் அடி. விரல் முட்டி இடிக்காமல் நுழைந்துவிடும். எடையும் குறைவு, ஒரு படி இறக்க ஒருத்தர் போதும். சக்கரம் பெரிது, புழுதியில் நிற்கும். உட்கார்ந்து பார்த்தேன். சீட் குட்டைதான், பின்னால் இருப்பவள் ஒருபக்கமாக உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரை ஒட்டித்தான் உட்கார வேண்டும். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாத நாட்கள். அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. சேலை சக்கரத்தில் சிக்காமல் ஒரு கம்பி வலையும், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் காரைக்குடி வெல்டிங் பட்டறையில் வைத்துக்கொள்ளலாம்.

"இதுதான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் பார்த்த பிள்ளை முகம் அது. "நீ சொன்னா சரிதான்" என்றார், ரொம்பப் பெருந்தன்மையாக.

வீட்டுக்கு வந்த அன்று எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, கிணற்றடி வாசல் வழியே வண்டியை உள்ளே உருட்டினார். இரண்டு பக்கமும் இடிக்கவில்லை. சோப்புப் பெட்டிக்குள் சோப்பு போகிற மாதிரி போயிற்று. ஆச்சிமார் கூடி நின்று பார்த்தார்கள். மாமியாருக்கு மட்டும் அதன் சத்தம் பிடிக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் மாடல் சைலன்சர் கொஞ்சம் வாயாடிதான். "ஊரணிக்கரையில வாரப்பவே ஊருக்கெல்லாம் தண்டோரா போடுது. பொம்பளை ஒக்காந்து வார வண்டிக்கு இம்புட்டுச் சத்தம் எதுக்கு?" என்றார். அளவு சரியாக இருந்த பெருமையில் எனக்குக் காது கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பெருமை இறங்கியது.

பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டு நிதானமாக வந்தார். புது வண்டி, முறுக்கக் கூடாது என்றார். நானும் நாலு பேர் பார்க்கட்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. கணக்குப்படி எல்லாம் சரி. பின்தெருவில் வந்து நின்றால் கிணற்றடிக் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே தாழ் போட்டிருக்கிறது.

விளக்கு வைப்பதற்கு முன்னால் பின்வாசலைச் சாத்திவிட வேண்டும். முன்வாசலில் வருகிற லட்சுமி பின்வாசல் வழியாகப் போய்விடக் கூடாது. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான், எனக்குத் தெரியாததா? என் ஆத்தா வீட்டிலும் நானே ஓடிப்போய்ச் சாத்தியிருக்கிறேன். இந்த வீட்டில் அதற்கு மேலும் ஒரு கண்டிப்பு, சாத்தினால் விடிகிறவரை திறப்பதில்லை. கதவின் அகலத்தை அளந்த நான், அது எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை. அந்த வீட்டிலேயே பிறந்த மனிதரும் யோசிக்கவில்லை. நான் கதவைத் தட்டினேன்.

"அயித்தை! கதவைத் தெறங்க!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சாத்தியாச்சு. வெளக்குக்கு நேரமாச்சு, முன்னாடி சுத்தி வா."

சுற்றி வருவது என்றால் ஒரு தெரு நீளம் ஓடி, திரும்பி, இன்னொரு தெரு. ஓடினேன். கால் முகம் கழுவி விளக்குப் பக்கத்தில் போய் நின்றபோது தீப்பெட்டி நீட்டப்பட்டது. தப்பித்தேன். ஆனால் வண்டி பின்தெருவில் நின்றது. என் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போய், வண்டிக்குப் பக்கத்தில் போட்டுப் படுத்துக்கொண்டார். புது மாப்பிள்ளை புது வண்டியோடு தெருவில் படுத்திருக்கிறார் என்று கண்டனூர் ஒரு வாரம் சிரித்தது. ஆச்சிமாரில் ஒருவர் என்னிடம், "ஏன் தாயி, வண்டிக்கும் சேத்து தலையாணி குடுத்தியா?" என்று கேட்டார். குடுத்தேன் ஆச்சி, ரெண்டு தலையணை என்றேன்.

ஆக, விளக்குக்கு முன்னால் வந்தால் போதாது, கதவு சாத்தும் முன்னால் வர வேண்டும். என் கணக்கில் கால் மணி நேரம் துண்டு விழுந்தது. அந்தக் கால் மணியை ரோட்டில்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு ஸ்போர்ட்ஸ் மாடல் என்றால் என்னவென்று விளங்கியது. அதுவரை எனக்கு அது ஒரு ஹேண்டில் பார் அளவு மட்டும்தான்.

கோட்டையூர் தாண்டினால் ரோடு நேராக ஓடும். இரண்டு பக்கமும் பனை, தூரத்தில் கண்மாய். புது வண்டியை முறுக்கக் கூடாத நாட்கள் முடிந்ததும் நான் பின்னால் இருந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்பேன். அவர் முறுக்குவார். வண்டி ஒரு நொடி முனகிவிட்டு, பிறகு கழுத்தை நீட்டிக்கொண்டு பாயும். கண்ணில் தண்ணீர் வரும், சேலை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வேன். "பயமா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டார். "எனக்குப் பயமெல்லாம் உங்க ஆத்தா கிட்டத்தான், நீங்க ஓட்டுங்க" என்றேன். ஊரில் மற்ற பெண்டாட்டிகள் புருஷனை மெதுவாகப் போகச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் தம் நண்பர்களிடம் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே பெருமை அதுதான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

தினமும் வென்றோம். கதவு திறந்திருக்கும்போதே வண்டி உள்ளே உருளும். கிணற்றடியில் வாளியில் தண்ணீர் இறைத்து வைத்திருக்கும், நான் கால் கழுவத் தோதாக. விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி திரித்துப் போட்டிருக்கும். பக்கத்திலேயே தீப்பெட்டி இருக்கும். வேலை எல்லாம் நேரத்துக்கு முடித்துவைக்கிறவர் மாமியார், அதனால் இதை நான் பெரிதாக எண்ணவில்லை.

கார்த்திகை பிறந்தது. பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கியது. எங்களுக்கு மிச்சமிருந்த நேரம் தேய்ந்துகொண்டே வந்தது. அப்படி ஒருநாள் பள்ளிக்கு மேலதிகாரிகள் வந்தார்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு டீச்சர்களை மட்டும் இருக்கச் சொன்னார்கள். என் வகுப்பைப் பற்றி நல்ல விதமாகத்தான் பேசினார்கள். நான் அதைக் கேட்கவில்லை, ஜன்னல் வழியே வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறி, காரைக்குடியில் இறங்கியபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வண்டியை உதைத்துக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றார். நான் ஏறினேன்.

பறந்தோம் என்றே சொல்லலாம். ஆனால் வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி. சைக்கிள்காரர்கள் கட்டைக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைந்து போனார்கள். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சாச்சா நம்ம வண்டியும் போயிரும்."

"வேண்டாம்" என்றேன். "போறது வேலையோட போகட்டும், உசிரு வேண்டாம்."

கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாக, எந்த அவசரமும் இல்லாமல் போயிற்று. அது போகப் போக எனக்குள் ஒவ்வொன்றாகக் கழன்றது. முதல் வரிசையில் உட்காரும் அந்த எண்ணெய் தேய்த்த தலைகள், சாக்பீஸ் தூள், மரஸ்கேல். கேட் திறந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. "இனிமே என்ன அவசரம், மெதுவாவே போங்க" என்றேன். சொன்னதைக் கேட்டே பழகிய மனிதர், அன்று கேட்கவில்லை. முறுக்கினார். நான் ஒருநாளும் கேட்டுப் பெறாத வேகம் அது.

ஊரணிக்கரையில் திரும்பும்போது பார்த்தேன். தெரு முழுக்க வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யார் வீட்டிலும் பாக்கி இல்லை. அன்றைக்கு மாமியார் தீக்குச்சியைக் கிழித்திருப்பார். கொடுத்த வாக்கை நான் மீறப்போவதில்லை, நாளைக்குப் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு பின்தெருவில் இறங்கினேன்.

கிணற்றடிக் கதவு திறந்திருந்தது. முழுக்கத் திறந்திருந்தது. அதன் நடுவில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், எங்கள் பங்கு முழுவதும் ஒரே இருட்டு.

உள்ளே முற்றத்திலிருந்து ஆச்சி ஒருவர் குரல் கொடுத்தார். "என்ன ஆச்சி, பொழுது போயி எம்புட்டு நேரமாச்சு! இன்னும் வெளக்கு வைக்காம, பின்வாசலத் தெறந்து போட்டு நிக்கிறீக? நான் வந்து வைக்கட்டா?"

மாமியார் திரும்பாமலே, அந்த வீட்டின் எல்லாக் கட்டுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"எங்க பங்குக்கு இன்னும் பொழுது இருக்கு, ஆச்சி. எம் மருமக வாரா. வண்டிச் சத்தம் ஊரணிக்கரையில கேட்டுருச்சு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் வண்டியை அணைத்தார்.

"என்ன மரம் மாதிரி நிக்கிற? வாளில தண்ணி இருக்கு, காலைக் கழுவு" என்றார் மாமியார். "கூட்ஸ் வண்டி கூவுனப்பவே தெரியும், கேட்டுல மாட்டியிருப்பீகன்னு. சத்தத்தைக் காங்கலையேன்னு காதை அங்குட்டே வச்சிக்கிட்டு நிக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தினமும் வாளியில் இருந்த தண்ணீர், திரி, எண்ணெய், எல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு நடந்தவை. தண்டோரா என்று திட்டினாரே, அந்தத் தண்டோராவுக்குத்தான் இத்தனை மாதமாக அவர் காத்திருந்தார்.

விளக்குப் பக்கத்தில் போனதும் தீப்பெட்டியை நீட்டினார். இரண்டு குச்சி ஒடிந்தது. அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. "அழுதுக்கிட்டு வெளக்கு வைக்கக் கூடாது, மூக்கைத் தொடை" என்றார். துடைத்துக்கொண்டு ஏற்றினேன். அதற்குள் என் வீட்டுக்காரர் வண்டியை உள்ளே உருட்டி நிறுத்தியிருந்தார். விளக்கு எரிவதைப் பார்த்த பிறகு மாமியார் போய்ப் பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அந்த வீட்டில் விளக்கு வைத்த பிறகு பின்வாசல் சாத்தியது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்த நிபந்தனையைப் பற்றி அதன்பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் கடைசிவரை டீச்சராகத்தான் இருந்தேன். ஊரில் மற்ற வீடுகளில் சூரியன் இறங்கியதும் விளக்கு வைத்தார்கள். எங்கள் பங்கில் மட்டும், வண்டிச் சத்தம் கேட்டபிறகுதான் சூரியன் இறங்கியது.